பெயரை விடுங்கள், நம்பரைத் தேடுங்கள்

போன மாதம் இந்தப் பகுதியில், வீட்டுப் பரணில் கிடக்கும் பட்டாளத்துப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், அதற்குள் உங்கள் குடும்பத்தின் கதை இருக்கிறது என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மெயிலில் வந்தவை, வாட்ஸ்அப்பில் போட்டோவோடு வந்தவை. ஒரு பெரியவர் இன்லண்டு லெட்டரில் மூன்று பக்கமும் நிறைத்து எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, ஐந்துக்குப் பதில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெண் நிற்கிறாள், பக்கத்தில் சிங்கம், ஓரத்தைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்து. பாட்டி காலத்தில் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்ததாம். பெரிய தாத்தா பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இதை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா ஐயா? (வாசகி, ஆரணி)

முடியும் அம்மா, நிறையவே முடியும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் எழுத்தெல்லாம் ஏற்கெனவே மழுங்கித்தான் தெரிகிறது, இன்னும் இரண்டு தடவை தேய்த்தால் பெயரே போய்விடும். தூசியை மட்டும் தட்டி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

அது தட்டு இல்லை. முதல் உலகப் போரில் இறந்துபோனவரின் குடும்பத்துக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு. வெண்கலம். ஸ்கேல் வைத்துப் பாருங்கள், குறுக்கே 12 சென்டிமீட்டர் இருக்கும். 1914 ஆகஸ்ட் 4-லிருந்து 1920 ஏப்ரல் 30 வரை இறந்தவர்களுக்காக இந்த மாதிரி 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். நிற்கிறவள் பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டையே பெண்ணாக உருவகித்தது. ஓரத்தில் இருக்கும் வரி, சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இறந்தான் என்று சொல்கிறது. அவள் கையில் ஒரு மாலையை நீட்டிக்கொண்டிருக்கிறாள் அல்லவா, அதற்குக் கீழே நீளமாக ஒரு கட்டம் இருக்கும், அதில்தான் உங்கள் பெரிய தாத்தாவின் பெயர். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தகட்டுக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடியுங்கள். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் தெரியாத எழுத்து, பக்கத்திலிருந்து அடித்தால் எழும்பி நிற்கும்.

அந்தக் கட்டத்தில் பெயர் மட்டும்தான் இருக்கும். பதவி கிடையாது, படைப்பிரிவு கிடையாது, நம்பரும் கிடையாது. செத்தவர்களில் பெரியவன் சின்னவன் வேண்டாம் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் நூறு வருஷம் கழித்துத் தேடுகிற நமக்கு அது கஷ்டம், ஏனென்றால் நம் ஊர்ப் பெயர்களை அன்றைய குமாஸ்தாக்கள் ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். முனுசாமி ஓரிடத்தில் மூனிசாமி, இன்னோரிடத்தில் முனிஸ்வாமி. சாமிக்கே மூன்று நான்கு ஸ்பெல்லிங் உண்டு. 'ழ'வுக்கு இன்று நாம் போடும் இசட்-எச் அன்று கிடையாது, வெறும் எல்-தான். இனிஷியல் பெரும்பாலும் இருக்காது.

அடுத்த வேலை, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இலவசம்தான். அதில் முதல் உலகப் போர், இந்தியப் படை என்று இரண்டையும் குறித்துக்கொண்டு, பெயரின் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள். வருகிற பட்டியலில் பொறுமையாக ஒவ்வொருவராகத் திறந்து பாருங்கள். பலருக்கு இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று ஒரு வரி இருக்கும். உங்கள் ஆரணி அன்று வட ஆற்காடு ஜில்லா, அதனால் அந்தப் பெயரில் தேட வேண்டும். திருவண்ணாமலை என்று தேடினால் கிடைக்காது. இதே மாதிரி திருநெல்வேலி அன்று டின்னவேலி, திருச்சி டிரிச்சினோபோலி, தஞ்சாவூர் டாஞ்சூர், செங்கல்பட்டு சிங்கிள்புட். அப்பா பெயரும் ஊரும் பொருந்துகிற ஆள் கிடைத்ததும் பெயரை மறந்துவிட்டு, அங்கே போட்டிருக்கும் நம்பரையும் படைப்பிரிவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிரிவில் பத்து முனுசாமி இருந்திருப்பார்கள், நம்பர்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். அந்த நம்பரும் பிரிவோடு சேர்ந்தால்தான் செல்லும், அன்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக நம்பர் போட்டுக்கொண்டது.

எந்த நினைவிடத்தில் பெயர் சேர்த்திருக்கிறார்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். பஸ்ரா என்றிருந்தால் அவர் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்குப் போனவர். கிழக்கு ஆப்பிரிக்கா என்றால், 63-வது பாளையங்கோட்டை லைட் இன்பான்ட்ரி, 61-வது பயனியர்ஸ் மாதிரி பிரிவுகளோடு போயிருக்கலாம். அந்த இரண்டும் 1914 நவம்பரில் இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கி அடிபட்டவை. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் உள்ள 1914–1918 நினைவிடம் என்றிருந்தால், அவர் வெளிநாட்டில் சாகவில்லை, இங்கேயே ஏதோ ஒரு ஊரில் அடக்கமாகி, அந்த இடத்தைப் பராமரிக்க முடியாமல் பெயரை மட்டும் அங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பஸ்ரா பற்றி ஒன்று சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அந்த நினைவுச் சுவரில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள், இந்திய அதிகாரிக்கும் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு, இந்தப் பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். பெயரெல்லாம் பதிவேட்டோடு நின்றுவிட்டது. இப்படிப் பாகுபாடு நடந்தது என்று அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆகவே சுவரில் பெயர் இல்லை என்று யாராவது சொன்னால் மனம் உடைந்துவிடாதீர்கள், பதிவேட்டில் பாருங்கள்.

அப்புறம் உங்கள் பூர்வீக ஊருக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1914–1919 பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று பல ஊர்களில் அன்றே கல் பதித்தார்கள். பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ இருக்கும், மேலே பத்துத் தடவை சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். கல்லில் பெயர் இருக்காது, எண்ணிக்கைதான். ஆனாலும் மூன்று பேர் உயிர்விட்டார்கள் என்று கல் சொன்னால், அந்த மூன்றில் ஒருவர் உங்கள் வீட்டுப் பெரியவர், மற்ற இரண்டு பேர் வீட்டிலும் இதே தகடு இருக்கலாம். அவர்கள் பெட்டியில் உங்கள் பெரிய தாத்தா நிற்கும் குரூப் போட்டோ இருந்தாலும் ஆச்சரியமில்லை, ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போய்ப் பெயர் கொடுப்பதுதான் வழக்கம். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவர் படையில் என்று பெயர் வாங்கிய ஊர்களே உங்கள் பக்கத்தில் உண்டு.

தாத்தா இரண்டாம் உலகப் போரில் இருந்தவர். 1946-ல் ஊர் திரும்பினார், 1971-ல் காலமானார். பர்மாவில் இருந்தேன் என்று சொல்வார், அதற்கு மேல் பேசமாட்டார். டிஸ்சார்ஜ் புக் வெள்ளத்தில் போய்விட்டது. நாலு மெடல் மட்டும் இருக்கிறது. மிலிட்டரி ஆபீசுக்குப் பெயரைப் போட்டு லெட்டர் எழுதினோம், அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது சார். (வாசகர், திருமங்கலம்)

இதே பதில் எனக்கும் வந்திருக்கிறது. என் அம்மாவின் அப்பாவைத் தேடி நான் முதலில் ஓர் அலுவலகத்துக்கு எழுதியபோது, நாங்கள் வீட்டில் சொல்கிற பெயரைப் போட்டேன், ஆறு மாதம் கழித்து அப்படி ஒருவர் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். இரண்டு வருஷம் அதோடு விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் அவருடைய மெடலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது விளிம்பில் ஏதோ நகத்தில் தட்டுப்பட்டது. முகத்துக்குப் போடும் பவுடரை விரலில் எடுத்துத் தடவி, ஊதிவிட்டுப் பார்த்தால், காசின் விளிம்பு மாதிரி இருக்கும் அந்த ஓரத்தில் பொடிப் பொடியாக எழுத்து! நம்பர், பதவி, பெயர், பிரிவு, எல்லாம் வரிசையாக. பெயர் நாங்கள் சொல்வது இல்லை. குலதெய்வத்தின் பெயரை வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், படையில் அவர் கொடுத்தது வேறு பெயர். அந்த நம்பரைப் போட்டு எழுதியபோதுதான் பதில் வந்தது.

ஆகவே உங்கள் நாலு மெடலையும் எடுங்கள். இரண்டாம் உலகப் போர் மெடல்களில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியப் படைக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறிக்கும் வழக்கம் இருந்தது, நமக்கு அது பெரிய அதிர்ஷ்டம். வட்ட மெடல் என்றால் விளிம்பைப் பாருங்கள், நட்சத்திர வடிவம் என்றால் பின்பக்கம். எந்த நட்சத்திரம் என்பதும் முக்கியம். பர்மா ஸ்டார் இருந்தால் தாத்தா சொன்னது சரி, 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் நடுவில் அந்தப் போர்முனையில் இருந்திருக்கிறார். பசிபிக் ஸ்டார் என்றால் மலேயா, சிங்கப்பூர் பக்கம் யோசிக்க வேண்டும். ஆப்பிரிக்கா ஸ்டாரோ இத்தாலி ஸ்டாரோ இருந்தால் பர்மாவுக்கு முன்னால் அவர் வேறு எங்கோ போய் வந்திருக்கிறார், அதை அவர் சொல்லவில்லை.

பிரிவின் பெயர் சுருக்கமாகத்தான் இருக்கும். எஸ் அண்ட் எம் என்றால் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பாலம், பாதை போடும் பொறியாளர் படை, நம் ஊர் ஆட்கள் மிகுதியாகச் சேர்ந்த மெட்ராஸ் சேப்பர்ஸ். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றால் சப்ளை, லாரி, கோவேறு கழுதை எல்லாம் பார்த்த சர்வீஸ் கோர். ஐ.ஏ.ஓ.சி. என்றால் ஆர்டினன்ஸ், ஆயுதம், தளவாடம் பார்த்த பிரிவு. பிரிவு தெரிந்தால்தான் எந்த ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுவது என்று தெரியும், ராணுவத்தில் எல்லாருடைய பேப்பரும் ஒரே இடத்தில் இருக்காது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், சேப்பர்ஸுக்கு பெங்களூரு, பயனியர் கோருக்கும் பெங்களூருதான். ஆர்டினன்ஸுக்கு செகந்திராபாத், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மெடிக்கல் கோருக்கு லக்னோ. நீங்கள் எழுதியது எந்த ஆபீசுக்கு என்று கடிதத்தில் இல்லை. தாத்தா அந்தப் பிரிவே இல்லையென்றால் அவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம், இது தெரியாமல் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 1946-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பென்ஷன் கிடையாது, அதற்கு 15 வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் பேப்பரை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவது விதி. ஆகவே தாத்தாவின் முழு ஃபைல் கிடைக்காமல் போகலாம். ஆனால் லாங் ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு, அது நிரந்தரம். ஆளுக்கு ஒரு வரிதான், அதில் நம்பர், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி மாதிரி அடிப்படை விவரம் இருக்கும். 'சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்' என்று எழுதினால் அழித்தாகிவிட்டது என்று பதில் வரும், 'லாங் ரோலில் உள்ள பதிவின் நகல் வேண்டும்' என்று வார்த்தையைக் குறிப்பிட்டே எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். தாத்தாவின் இறப்புச் சான்றிதழும், நீங்கள் பேரன் என்று காட்டும் வாரிசு ஆதாரமும் வைத்து அனுப்பினால், மூன்றாம் நபர் என்று தட்டிக்கழிப்பது கஷ்டம்.

உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு தடவை நேரில் போய் வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிப் பென்ஷன் இல்லாதவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாநில அரசு உதவித்தொகை கொடுக்கிறது. பாட்டி எப்போதாவது அதற்கு மனுப் போட்டிருந்தால், அந்த மனுவோடு தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக் நகலும் போயிருக்கும். வெள்ளத்தில் போனதன் நகல் ஃபைலுக்குள் இருக்கக்கூடும்.

கிடைத்தால் அதில் ஊர், தபால் ஆபீஸ், தாணா, தாசில், ஜில்லா என்று வரிசையாக இருக்கும். தாணா என்றால் போலீஸ் ஸ்டேஷன், தாசில் என்றால் தாலுகா, வடக்கே பழகிய வார்த்தையை அப்படியே எல்லாருக்கும் போட்டார்கள். ஊர்ப் பெயர் படிக்க முடியாமல் சிதைந்திருந்தாலும் தாணாவை வைத்து ஊரைப் பிடித்துவிடலாம். வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்று சொல்லிச் சேர்ந்தது எத்தனையோ.

கூடவே ஒன்று. தன் கொள்ளுத்தாத்தா 1935-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். செலவைக் குறைக்க அந்த ரெஜிமெண்டை 1928-க்குள் கலைத்துவிட்டார்கள், மறுபடி எழுப்பியது 1942-ல். மெட்ராஸ் பயனியர்ஸும் 1933-ல் போய்விட்டது. ஆகவே 1935 உண்மையென்றால் முதலில் சேப்பர்ஸில் தேடுங்கள்.

எங்கள் முப்பாட்டனார் 'காளயுக்தி வருஷம் ஐப்பசியில் ஜுரத்தில் போய்விட்டார்' என்று கிழவி ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறோம். ராணுவம் எதுவும் இல்லை, சாதாரண விவசாயக் குடும்பம். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன ரெக்கார்டு இருக்கப்போகிறது? (வாசகர், மன்னார்குடி)

அந்தக் கிழவி சொன்னது எவ்வளவு துல்லியம் தெரியுமா? காளயுக்தி என்பது 1918 ஏப்ரலிலிருந்து 1919 ஏப்ரல் வரை. அந்த வருஷத்து ஐப்பசி என்றால் 1918 அக்டோபர், நவம்பர். உலகத்தையே உலுக்கிய இன்புளுயென்சா நம் நாட்டில் கொத்துக் கொத்தாக ஆளைக் கொண்டுபோன மாதங்கள் அவை. வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பும், 1978-லும் காளயுக்தி வந்தது. தலைமுறையைக் கணக்குப் போட்டுத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். உங்கள் முப்பாட்டனாருக்கு 1918-தான் பொருந்துகிறது.

கிராமத்தில் பிறப்பு, இறப்பைப் பதிவு செய்ய 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. கிராம முன்சீப்தான் எழுதுவார். 1980 நவம்பரில் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தபோது சில ஊர்களில் பதிவேடுகள் கைமாறுவதற்குள் கரையான் தின்றுவிட்டது, ஆனாலும் தப்பியவை நிறைய இருக்கின்றன. பழைய கிராமப் பதிவேடுகளைத் தேட உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தேதி தெரியாவிட்டால் வருஷத்தைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம், வருஷத்துக்கு இவ்வளவு என்று தேடுதல் கட்டணம் உண்டு. இறப்புக் காரணம் என்ற இடத்தில் வாந்திபேதி, வைசூரி, ஜுரம் மாதிரி நாலைந்து வார்த்தைதான் மாறி மாறி வரும். 1918 ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் ஜுரம், ஜுரம், ஜுரம் என்று ஒரே வார்த்தை பக்கம் பக்கமாகப் போவதை நான் ஒரு ஊர்ப் பதிவேட்டில் பார்த்தேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறப்புப் பதிவைத் தேடினால் பெயரை எதிர்பார்க்காதீர்கள். பதிவு செய்த அன்று குழந்தைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். ஆண் அல்லது பெண், அப்பா பெயர், அம்மா பெயர், அவ்வளவுதான். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் பார்க்கலாம், ஆனால் அதில் பிறந்த தேதி ஜூன் முதல் வாரம் என்றிருந்தால் அது வாத்தியார் போட்ட தேதி.

விவசாயக் குடும்பம் என்கிறீர்களே, உங்களுக்குத்தான் ரெக்கார்டு அதிகம். நிலம் இருந்தால் பத்திரம் இருக்கும். பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்து முதல் ஐந்து வரியைப் படியுங்கள். இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் பேரன், இன்னார் குமாரர், இன்ன தொழில், இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம் என்று ஒரே மூச்சில் மூன்று தலைமுறை வந்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதைவிடப் புதையல் கிடையாது, அண்ணன் தம்பி, விதவை, மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியன் எல்லாரும் அதில் இருப்பார்கள். வில்லங்கம் ஆன்லைனில் 1975-லிருந்துதான் ஒழுங்காகக் கிடைக்கிறது. அதற்கு முன்னால் என்றால் அலுவலகத்தில் கையால் தேட வேண்டும். அங்கே ஆள் பெயர் வாரியாக ஒரு அட்டவணை, சொத்து வாரியாக ஒரு அட்டவணை என்று தனித்தனியாக உண்டு. சொத்து வாரியாகவே தேடச் சொல்லுங்கள், பெயர் ஏமாற்றும், நிலம் ஓடிப்போகாது. யு.டி.ஆர். பட்டாவுக்கு, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது கொடுத்த பட்டாவுக்கு, முந்தைய சர்வே நம்பர் என்ன என்று கிராம 'அ' பதிவேட்டில் பார்த்துக்கொண்டு போங்கள், 1980-களில் உட்பிரிவு மாறிய இடங்களில் பழைய நம்பர் இல்லாமல் ஒன்றும் நகராது. பட்டாளத்துக்காரனுக்கு ரெஜிமெண்ட் நம்பர் என்றால் விவசாயிக்கு சர்வே நம்பர்.

காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்று பெயர். தாத்தாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தாராம். சென்னை ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைக்குமா? (வாசகி, காரைக்கால்)

சென்னையில் கிடைக்காது அம்மா, உங்கள் வழியே வேறு. சொல்லப்போனால் மற்ற எல்லாரையும்விட உங்களுக்குச் சுலபம், பிரெஞ்சுக்காரர்கள் எழுதி வைப்பதில் அவ்வளவு கறார். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தின் பழைய எத்தா சிவில் பதிவுகளை, அதாவது பிறப்பு, திருமணம், இறப்பு, பிரான்சின் எக்ஸ் நகரத்தில் இருக்கும் பிரெஞ்சுக் கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. காசு கிடையாது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும், எல்லாம் பிரெஞ்சுக் கையெழுத்து, ஆனால் ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வரும் என்பதால் பத்துப் பதிவு படித்ததும் கண் பழகிவிடும். பெற்றோர், வயது, தொழில், சாட்சிகள் எல்லாம் ஒவ்வொரு பதிவிலும் உண்டு.

உங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சு முறையில் நிலையான குடும்பப் பெயர் இருக்கிறதா? இருந்தால், 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்தச் சாதி-சமய வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பமாக இருக்கலாம். அப்போதுதான் குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய பதிவுகளில் அந்தப் பெயரில் தேடினால் ஒருவரும் வரமாட்டார்கள், பழைய தமிழ்ப் பெயரில்தான் தேட வேண்டும்.

அவர் முதல் உலகப் போரில் இறந்தவர் என்றால், 'பிரான்சுக்காக இறந்தவர்கள்' என்று பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் வைத்திருக்கும் தளத்தில் ஆளுக்கு ஒரு சீட்டு இருக்கிறது. பிறந்த ஊர், தேதி, ரெஜிமெண்ட், மாட்ரிகுல் நம்பர் (படையில் ஆளுக்குக் கொடுத்த பதிவு எண்), இறந்த இடம், எப்படி இறந்தார் என்பது வரை. உயிரோடு திரும்பிப் பென்ஷன் வாங்கியவர் என்றால் பிரான்சின் 'போ' (Pau) நகரத்தில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். அங்கேயும் மாட்ரிகுல் நம்பர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், பழைய பென்ஷன் புத்தகம் யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று அத்தை, சித்தி வழியில் எல்லாம் கேளுங்கள். பிரான்சின் நாந்த் நகரத்தில் உள்ள சிவில் பதிவு அலுவலகத்திலிருந்து பேப்பர் வாங்கிய உறவினர் யாராவது இருந்தால் பாதி வேலையை அவர்களே முடித்திருப்பார்கள்.

கொள்ளுத்தாத்தாவின் படைச் சேர்க்கை விவரத்தில் சாதி என்ற கட்டத்தில் இருப்பதை நாங்கள் இப்போது வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. பிள்ளைகளுக்காகக் குடும்ப வரலாறு எழுதுகிறேன். அந்தக் கட்டத்தை விட்டுவிடலாமா? (ஊர் வேண்டாம்)

நீங்கள் எழுதுவது உங்கள் குடும்பத்துக்கு, முடிவும் உங்களுடையதுதான். கேட்டதால் என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். விடாதீர்கள்.

பழைய மெட்ராஸ் படையிலும் சேப்பர்ஸிலும், ஊருக்குள் நிலம் வாங்க முடியாத, தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத குடும்பங்களிலிருந்து பெருந்தொகையாக ஆட்கள் போனார்கள். அங்கே மாதச் சம்பளம் கையில் வந்தது, உடுப்பு வந்தது, படிப்பு வந்தது, முடிவில் பென்ஷன் வந்தது. 1880-களில் ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் தெற்கத்தி ஆட்கள் போருக்கு லாயக்கில்லை என்று சொல்லி மெட்ராஸ் பிரிவுகளைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, முதலில் கதவு சாத்தப்பட்டது இவர்களுக்குத்தான். அதையும் தாண்டி உங்கள் கொள்ளுத்தாத்தா உள்ளே போயிருக்கிறார். நீங்கள் அனுப்பிய நகலில் அந்தக் கட்டத்துக்கு இரண்டு வரி தள்ளி இன்னொன்று இருக்கிறது, கவனித்தீர்களா? சேரும்போது பெருவிரல் ரேகை வைத்தவர், விலகும்போது தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 'ர'வுக்குக் கீழே பேனா கொஞ்சம் அழுந்தி மை பரவியிருக்கிறது. சாதிக் கட்டத்தை மறைத்தால் அந்தக் கையெழுத்து எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.

கடைசியாக, பல பேர் கேட்டதற்கு ஒரே பதில். ராணுவ ரெக்கார்டு எடுத்துத் தருகிறேன் என்று 15 ஆயிரம், 20 ஆயிரம் கேட்கும் ஆட்களிடம் பணம் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன தளங்கள் இலவசம், மனுவுக்கு 10 ரூபாய், மற்றபடி தபால் செலவும் பொறுமையும்தான். மெடலின் விளிம்பு படிக்க முடியவில்லை என்றால் அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, மிருதுவான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து உரசி, அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். மெடலையே கூரியரில் அனுப்ப வேண்டாம். இந்த மாதம் இரண்டு பேர் அப்படி அனுப்பிவிட்டார்கள், இரண்டையும் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.